மைசூர் வாணம் எவ்வளவு தூரம் பறந்தது?

1804-ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் கடைகளில் கிடைத்ததிலேயே பெரிய வாணங்களாகப் பார்த்து, தன் கைக்காசைப் போட்டு வாங்கினார். வயது முப்பத்திரண்டு. பட்டாளத்தில் பணியாற்றியவர் இல்லை. சட்டம் படித்து, பத்திரிகை நடத்தி, அவதூறு வழக்கில் மாட்டிக்கொண்டவர். ஆனால் அவருடைய தந்தை வுல்விச் ஆயுதக் கிடங்கின் அரச ஆய்வகத்துக்குத் தலைவர். அதனால் வெடிமருந்தும் வெட்டவெளியும் மகனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. வாங்கிய வாணங்களைச் சாய்த்து வைத்துக் கொளுத்தி, விழுந்த இடத்தை அளந்தார். 500 கஜம், மிஞ்சிப்போனால் 600 கஜம்.

மைசூர்ப் படையின் வாணங்கள் ஆயிரம் கஜம் போகும் என்பது அவர் காதுக்கு வந்திருந்த செய்தி. அந்த வாணங்களுக்கு முன்னால் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர்கள் சொன்னது அதைவிடப் பெரிது. ஒன்றரை மைல் என்றும் சொன்னார்கள். திப்பு சுல்தான் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய வாணங்களில் சில கப்பலேறி வுல்விச்சுக்கே வந்து சேர்ந்திருந்தன. லண்டன் கடைச்சரக்குக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளி காங்கிரீவை விடவில்லை. கேள்விப்பட்டது நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அதைப்போல ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்.

மைசூர் ராக்கெட்டின் வாழ்க்கையில் இந்தக் காட்சிதான் நடுப்பகுதி. அதற்கு முன்பு அந்தப் பொருளுக்கு நீண்ட இளமை உண்டு. பிறகு உலகம் சுற்றிய முதுமையும் உண்டு. இதில் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு வேரும் இருக்கிறது. ஹைதர் அலியின் தந்தை ஃபத் முகம்மது ஆற்காட்டு நவாபிடம் ஐம்பது வாணவீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். மைசூர் என்ற பெயரோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்பே வாணம் ஆற்காட்டுப் படையின் சரக்கு. முகலாயரும் தக்காணத்து சுல்தான்களும் அதற்கும் முன்பிருந்து போரில் எய்தவர்கள். எனவே திப்புவே ராக்கெட்டைக் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் சொல்லப்படுவது சரியில்லை. அவரும் அவர் தந்தை ஹைதரும் செய்தது வேறு. என் கணிப்பில் அது கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாத வேலை.

தீபாவளி ராக்கெட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் உடலமைப்பைச் சொல்லத் தேவையில்லை. ஒருபக்கம் அடைத்த குழல், உள்ளே இறுக்கிய மருந்து, பின்பக்கம் ஒரு துளை, பக்கத்தில் கட்டிய நீளக் குச்சி. எல்லா நாட்டு வாணங்களும் அன்று இப்படித்தான் இருந்தன. குழல் பெரும்பாலும் காகித அட்டை அல்லது மூங்கில். மைசூர்க் கொல்லர்கள் இந்தக் குழலை இரும்புத் தகட்டில் அடித்தார்கள். மென்மையான இரும்பைச் சம்மட்டியால் தட்டித் தகடாக்கி, உருட்டி, ஒரு முனையை மூடினார்கள். பார்வைக்குக் கரடுமுரடான வேலைதான். ஆனால் வாணத்தின் தலையெழுத்தை மாற்றியது அந்தத் தகடு.

காரணம் அழுத்தம். கரிமருந்து எரியும்போது உண்டாகும் வாயு குழலுக்குள் நெருக்கப்பட்டு, பின்துளை வழியே பாய்கிறது. உள்ளே நெருக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகமாக வெளியே பாயும், அவ்வளவு வலுவாகக் குழலை முன்னே தள்ளும். காகிதக் கூடு ஓரளவுக்கு மேல் தாங்காது. கிழியும், அல்லது பக்கச்சுவர் தீய்ந்து ஓட்டை விழும். அதனால் காகித வாணம் செய்பவர் மருந்தைக் குறைத்து, வேகத்தை அடக்கித்தான் செய்ய முடியும். இரும்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடுதல் மருந்தை, கூடுதல் இறுக்கத்தில் அடைக்கலாம். இதைச் சமன்பாடு எழுதிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ குழல்கள் கிழிந்து, எத்தனையோ கைகள் கருகி வந்த அறிவாக அது இருந்திருக்கும். அந்தக் கொல்லர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் தட்டுப்படவில்லை என்பது இந்தக் கதையில் எனக்குப் பெரிய வருத்தம்.

வுல்விச் பீரங்கி அருங்காட்சியகத்தில் இரண்டு மைசூர் வாணங்கள் பாதுகாக்கப்பட்டன. ஒன்றின் குழல் 58 மி.மீ. விட்டம், 254 மி.மீ. நீளம். அது ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள நேரான வாள் அலகோடு தோல்வாரால் கட்டப்பட்டிருக்கிறது. மற்றது சிறியது. 37 மி.மீ. விட்டம், 198 மி.மீ. நீளம், துணைக்கு 1.9 மீட்டர் மூங்கில். வாள் கட்டியதற்கு நோக்கம் உண்டு. மருந்து தீர்ந்து வேகம் குறையும்போது வாணம் தலைகுப்புறச் சுழலும். அந்த வாள் கூட்டத்துக்குள் சுழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகளை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய குழலில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை மருந்து கொள்ளும். இரும்பும் வாளும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்கு எடை என்று வைத்துக்கொண்டால், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து. கரிமருந்தின் வாயு நொடிக்கு ஏழுநூறு மீட்டர் வேகத்தில் வெளியேறும் என்று கொண்டால், மருந்து தீரும்போது வாணத்தின் வேகம் நொடிக்கு இருநூற்று எண்பது மீட்டரைத் தொடும். காற்றே இல்லாவிட்டால் அது ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். காற்றின் தடையும், நீண்ட வாளின் ஆட்டமும், எரியும் நேரத்தில் தரை இழுக்கும் இழப்பும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஒன்றரை மைல் என்ற பேச்சு இந்த வரம்பின் மேல்விளிம்பையும் கொஞ்சம் தாண்டுகிறது. ஆயிரம் கஜம் என்ற காங்கிரீவின் செய்தி கீழ்விளிம்பில் உட்காருகிறது. தாளில் போட்ட கணக்கு இவ்வளவுதான் சொல்லும். தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் விடை நகர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித மேதை 1742-இல் பீரங்கிக் குண்டுகளின் பாய்ச்சல் பற்றி எழுதிய நூல் ஐரோப்பாவின் துப்பாக்கி அறிவியலையே திருப்பிப் போட்டது. 1749-இல் லண்டனில் நடந்த பெரிய வாணவேடிக்கையை அவர் வேடிக்கையாக மட்டும் பார்க்கவில்லை. வாணங்கள் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று அளந்து கட்டுரை எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கப்பலேறி வந்து, 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வாணத்தை அளவுகோலோடு பார்த்த ஐரோப்பியர் ஒருவர், வாணத்தைப் போர்க்கருவியாக வைத்திருந்த மண்ணுக்கு வந்து, அதை அளக்க வாய்ப்பே இல்லாமல் போய்விட்டார். இன்னும் பத்தாண்டு அவர் பிழைத்திருந்தால் ராக்கெட்டின் எழுத்து வரலாறு கடலூரில் தொடங்கியிருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாணம் புகழ்பெற்ற இடமும் அங்கிருந்து வெகுதூரம் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். பல்லவரும் சாளுக்கியரும் மோதிய அதே ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் அங்கே சுற்றி வளைத்தார்கள். ஜெனரல் ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய படையோடு இருந்தும் உதவிக்கு முழுதாக வந்து சேரவில்லை. சண்டையின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை குலைந்தது. பெய்லி பிடிபட்டார், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது.

ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போர் முழுநீள ஓவியமாக இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை, நடுவே வெடிக்கும் மருந்துவண்டி. அந்த வண்டியை வெடிக்க வைத்தது வாணம்தான் என்று நூல்கள் சொல்லிச் சொல்லி அது உறுதியான செய்தியாகிவிட்டது. பீரங்கிக் குண்டு என்று கருதுவோரும் உண்டு. சண்டைக்கு நடுவே எந்தத் தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு இதில் பிடிவாதம் இல்லை. அன்று வாணங்கள் பறந்தன, குதிரைகளும் காளைகளும் மிரண்டன, மருந்துவண்டி வெடித்தது. வாணத்தின் புகழுக்கு இந்த மூன்றும் ஒன்றாக நடந்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் திப்பு இதைத் தனிப்படையாகவே வளர்த்தார். அவருடைய படைக் கையேடான ஃபத்ஹுல் முஜாஹிதீனில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இருநூறு வாணவீரர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இலக்கின் தூரத்தையும் குழலின் பருமனையும் பார்த்து எந்தச் சாய்வில் எய்வது என்று அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்க்கா, பிதனூர் ஆகிய ஊர்களில் தாராமண்டல் பேட்டை என்ற பெயரில் தொழிற்பேட்டைகள் இருந்தன. பிதனூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டு கழித்து அந்த ஊர் மறுபடி வரும்.

1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் ஒரு இளம் கர்னல் தன் ஆட்களோடு நுழைந்தார். இருட்டில் துப்பாக்கிச் சூடும் வாணமும் ஒருசேர வந்து விழ, படை சிதறித் திரும்பியது. அவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு. நெப்போலியனை வென்ற அந்த மனிதருக்கு வாணத்தின் மேல் கடைசிவரை மதிப்பு வரவில்லை. ஊரைக் கொளுத்துவதைத் தவிர அதற்கு வேறு பயன் தெரியவில்லை என்ற பொருளில் பேசியவர் அவர். சுல்தான்பேட்டை இரவுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவருடைய கண்டிப்பான கணக்கு மனதைத்தான் காரணமாக நினைக்கிறேன். எங்கே விழும் என்று சொல்ல முடியாத ஆயுதத்தை அவர் நம்பவில்லை.

மே 2-ஆம் தேதி கோட்டைக்குள் இருந்த வாணக் கிடங்கில் குண்டு விழுந்து பெரும் வெடிப்பு. மே 4-இல் கோட்டை விழுந்தது, திப்பு வாசலருகே இறந்து கிடந்தார். வெற்றி பெற்றவர்கள் பயன்படுத்தத் தயாராக இருந்த வாணங்கள் மட்டும் எழுநூறு கண்டெடுத்தார்கள். அவற்றிலிருந்துதான் வுல்விச்சுக்குப் போனவை.

இப்போது காங்கிரீவிடம் திரும்பலாம். அவர் செய்தது நேரடிப் பிரதி இல்லை. மாதிரி கையில் இருக்க, அதன் கொள்கையை எடுத்துக்கொண்டு தன் நாட்டுத் தொழிற்சாலையின் பலத்தைச் சேர்த்தார். மருந்தை இயந்திரத்தில் அரைத்து ஒரே சீரான தூளாக்கினார். கையால் இடிக்காமல், மேலேயிருந்து விழும் கனத்த எடையால் இறுக்கினார். தொடக்கத்தில் அவருடைய குழல் கனத்த காகிதம்தான். 1806-இல் இரும்புத் தகட்டுக்கு மாறினார். தூரம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், பிறகு மூவாயிரம் கஜம் என்று ஏறியது. அவருடைய புகழ்பெற்ற 32 பவுண்டு ராக்கெட்டின் குழல் மூன்றரை அடி நீளம், நான்கு அங்குல விட்டம். பக்கத்தில் பதினைந்து அடிக் கழி.

இந்த வளர்ச்சிதான் மைசூர்க் கொல்லர்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய சான்று என்று நான் கருதுகிறேன். ஐரோப்பாவின் முன்னணி ஆயுதக் கிடங்கில், பணமும் இயந்திரமும் கூடிய இடத்தில், காகிதத்தில் தொடங்கிய சோதனை கடைசியில் இரும்புக்கே வந்து நின்றது. காங்கிரீவ் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினார். இந்தியாவில் போர் வாணங்கள் இருந்தது தெரியும், ஆனால் அவை அளவில் சிறியவை, ஆயிரம் கஜத்துக்கு மேல் போகாதவை என்று எழுதி வைத்தார். அவருடைய ராக்கெட் பெரியது என்பது உண்மை. ஆனால் பெரிதாக்க முடிந்ததே இரும்பினால்தான். கடன்பட்ட இடத்தைச் சிறுமைப்படுத்திவிட்டுக் கடனை மறந்த எழுத்து அது.

பிறகு அது ஊர் ஊராகப் போனது. 1805 நவம்பரில் பிரெஞ்சுத் துறைமுகம் பூலோன் மீது எய்யப் போய் வானிலை கெட்டுத் திரும்பினார்கள். மறு ஆண்டு அக்டோபரில் எய்தபோது குறிவைத்த கப்பல்கள் தப்பின, ஊர் எரிந்தது. 1813-இல் லைப்சிக் போர்க்களத்தில் ராக்கெட் படை நின்றது, அதன் தலைவர் கேப்டன் ரிச்சர்ட் போக் அங்கேயே இறந்தார். 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் அருகே மெக்ஹென்றி கோட்டை மீது எரெபஸ் என்ற கப்பலிலிருந்து விடிய விடியப் பறந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டு பின்னாளில் அமெரிக்க தேசிய கீதமானது. மைசூர்க் கொல்லனின் குழல் அதில் ஒரு வரியாக இருக்கிறது.

கோபன்ஹேகனை மட்டும் ஓடிக் கடக்க முடியாது. 1807 செப்டம்பர் 2 முதல் 5 வரை பிரிட்டிஷ் படை அந்த நகரைச் சுட்டெரித்தது. 25,000 ராக்கெட்டுகள் எய்யப்பட்டன, 40,000 எய்யப்பட்டன என்றெல்லாம் நூல்களில் வந்துகொண்டே இருந்தது. உண்மையில் எய்யப்பட்டவை ஏறத்தாழ 300. நகரை எரித்ததில் பெரும்பங்கு பீரங்கிகளும் எறிகுண்டுகளும் வீசிய பல்லாயிரம் குண்டுகளுக்கு. ராக்கெட்டின் பெயர் மட்டும் நின்றது. புள்ளலூரில் மருந்துவண்டியை வாணத்தின் கணக்கில் எழுதியதைப் போலவே, இங்கே ஒரு நகரத்தை எழுதினார்கள். சத்தமும் வெளிச்சமும் வால்நெருப்பும் கொண்ட ஆயுதம், தான் செய்யாததற்கும் பேர் வாங்கிக்கொள்ளும்.

கோபன்ஹேகனில் இன்னொன்றும் நடந்தது. அடிவாங்கிய டேனிஷ்காரர்கள் விழுந்து கிடந்த குழல்களைப் பொறுக்கினார்கள். ஆந்திரியாஸ் சூமாகர் என்ற அதிகாரி அவற்றைப் பார்த்துத் தாமே ராக்கெட் செய்யத் தொடங்கி, டென்மார்க்குக்கு ஒரு ராக்கெட் படையையே அமைத்துவிட்டார். பிரதியின் பிரதி. சோதனைகள் இயெல்ம் என்ற சிறு தீவில் நடந்தன.

பிரிட்டிஷ் கையில் வளர்ந்த ராக்கெட் பத்தே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தது. 1817-இல் ஹாத்ரஸ் கோட்டை முற்றுகையில் கம்பெனியின் ராக்கெட் படை இருந்தது. 1824-இல் தொடங்கிய முதல் பர்மியப் போரில் ஐராவதி ஆற்றங்கரைகளில் எய்தார்கள். புறப்பட்ட மண்ணுக்கு எதிரியின் சரக்காகத் திரும்பி வந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பக்கவாட்டில் இருந்த கழி 1815 வாக்கில் குழலின் நடுவுக்கு வந்தது. 1844-இல் வில்லியம் ஹேல் கழியே இல்லாமல், வாயுவைச் சாய்வாகப் பாய்ச்சிக் குழலைச் சுழல வைத்து நிலைநிறுத்தினார். அதற்குப் பிறகு பீரங்கிக் குழாய்களில் மரையிடக் கற்றுக்கொண்டார்கள். குறிதவறாத பீரங்கி வந்ததும் ராக்கெட்டுக்குப் போர்க்களத்தில் வேலை குறைந்தது.

ஏறத்தாழ நூறு ஆண்டு மறதி. 1963-இல் அமெரிக்காவின் வால்லப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம். எய்பவர்கள் கறுத்த நிறத்தவர். நெருங்கிப் பார்த்தால் திப்புவின் படை. அப்துல் கலாம் தன்வரலாற்றில் இதை எழுதியிருப்பது பலருக்கும் தெரியும். இந்தியாவில் மறந்த ஒன்றை நாசா மதித்து மாட்டியிருக்கிறதே என்ற வியப்பு அதில் இருக்கிறது. அந்த வியப்பை ஆய்வாக மாற்றியவர் பெங்களூரின் வானூர்தி அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மா. 1985-இல் மைசூர், பிரிட்டன் ராக்கெட்டுகளை ஒப்பிட்டு அவர் எழுதிய அறிக்கையில் பெருமைப் பேச்சு இல்லை. குழலின் அளவு என்ன, இரும்பு என்ன தாங்கும், ஏன் மைசூரில் பிறந்தது பிரிட்டனில் வளர்ந்தது என்ற கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பொருளுக்கு அவர் காட்டிய மரியாதைதான் சரியான மரியாதை.

அடுத்து பிதனூர். ஹைதர் 1763-இல் பிடித்துத் தன் பெயரை வைத்த ஊர். இன்று நகரா, சிவமொக்கா மாவட்டம். 2002-இல் அங்கே ஒரு பாழுங்கிணற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் கிடைத்தன. வெறும் குண்டுகள் என்று நினைத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அவை ராக்கெட்டுகள் என்று தெளிய பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2018 ஜூலையில் தொல்லியல் துறையினர் அந்த ஊரின் திறந்த கிணற்றைத் தோண்டினார்கள். மண்ணே கரிமருந்து வாசம் அடித்தது என்றார்கள். மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள் வெளிவந்தன. நீளம் 23 முதல் 26 சென்டிமீட்டர்.

அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு வுல்விச்சின் 254 மில்லிமீட்டர்தான் நினைவுக்கு வந்தது. கடல்கடந்து போன ஒரு குழலும், சேற்றுக்குள் இருநூறு ஆண்டு கிடந்த ஆயிரம் குழல்களும் ஒரே அளவுக்குள் வருகின்றன. ஏதோ ஒரு கொல்லன் ஏதோ ஒரு நாளில் தட்டிய பொருளாக இருந்தால் இப்படி வராது. அளவு வகுத்து, ஆளுக்கு ஆள் மாறாமல் செய்த உற்பத்தி இது. திப்புவின் ராக்கெட் பற்றிய பெருமைகளில் தூரத்தைவிட இந்த ஒழுங்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தூரத்தை இனி என்ன செய்வது? அமெரிக்காவில் இதைப்போல ஒரு கதை உண்டு. உள்நாட்டுப் போரின் இறுதியில் தென்மாநிலப் படையினர் ரிச்மண்டுக்குப் பக்கத்திலிருந்து வாஷிங்டனை நோக்கி, நூறு மைல் போகும் ராக்கெட்டை ஏவினார்கள் என்று. மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சிக் குழு அந்தக் காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய பொருள்களான மெழுகையும் நைட்ரஸ் ஆக்சைடையும் வைத்து அப்படி ஒன்றைச் செய்து ஏவியது. எழும்பிப் பறந்தது. ஒரு மைல்கூடப் போகவில்லை. பொருள் செய்யக்கூடியதுதான், கதையின் தூரம் கட்டுக்கதை என்று ஒரே சோதனையில் இரண்டும் பிரிந்துவிட்டன. அதே குழு, நாற்பத்தேழு வாணங்கள் கட்டிய நாற்காலியில் விண்ணுக்குப் போனதாகச் சொல்லப்படும் சீன அதிகாரி வான் ஹூவின் கதையையும் செய்து பார்த்தது. நாற்காலி எரிந்ததோடு சரி. இந்த இரண்டு கதைகளுக்கும் இல்லாத ஒன்று மைசூர் வாணத்துக்கு இருக்கிறது. மூலப்பொருள் கையில் இருக்கிறது, அதுவும் ஆயிரம் எண்ணிக்கையில்.

எனவே பிரதி செய்ய வேண்டியது நகராவின் குழலைப் பார்த்துத்தான். கடையில் வாங்கிய எஃகுக் குழாயில் செய்தால் அது வேறொரு ராக்கெட். கரி அடுப்பில் உருக்கிய மென்னிரும்பைத் தட்டிய தகடாக இருக்க வேண்டும். வெடியுப்பு அந்தக் காலத்து முறையில் மண்ணிலிருந்து கரைத்துக் காய்ச்சியதாக இருந்தால் அதில் உப்புக் கலப்பு இருக்கும், எரியும் வேகம் குறையும். கரி எந்த மரம் என்பதும் முக்கியம், மென்மரக் கரி வேகமாக எரியும். கையால் இடித்த இறுக்கம் வேறு, இயந்திரம் அழுத்திய இறுக்கம் வேறு. மூங்கில் பச்சையா காய்ந்ததா என்பதுகூட எடையை மாற்றும். ஒன்றிரண்டு ஏவினால் போதாது. இந்த ஆயுதத்தின் குணமே ஒன்றைப்போல் ஒன்று பறக்காததுதான். நூறு குழல் ஏவி, எத்தனை வெடித்தன, எத்தனை திரும்பின, எத்தனை ஆயிரம் கஜத்தைக் கடந்தன என்று எண்ணினால்தான் வாணவீரன் களத்தில் எதை எதிர்பார்த்து நின்றான் என்பது தெரியும். மிக நீண்ட பாய்ச்சலைவிட நடுத்தரமான பாய்ச்சல் எவ்வளவு என்பதே அவனுக்கு வேண்டிய எண்.

வாள் கட்டிய குழலையும் மூங்கில் கட்டிய குழலையும் தனித்தனியாக ஏவ வேண்டும். காங்கிரீவ் கேட்ட ஆயிரம் கஜம் ஒன்றுடையதாகவும், படைவீரர்கள் பார்த்த ஒன்றரை மைல் மற்றொன்றுடையதாகவும் இருந்திருக்கலாம். சிறிய குழலைப் பற்றிய செய்தியையும் பெரிய குழலைப் பற்றிய செய்தியையும் இத்தனை நாள் ஒரே வாணத்தின் தலையில் ஏற்றிச் சண்டை போட்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு வலுவாக உண்டு.

இதற்கெல்லாம் முதல்படி தகட்டின் கனத்தை அளப்பது. சேற்றில் கிடந்தவரை காற்றுப்படாமல் இருந்த இரும்பு, வெளியே எடுத்தபிறகு வேகமாகத் துருப்பிடிக்கும். துரு தின்னாத இடம் ஒவ்வொரு குழலிலும் எங்கேயாவது கொஞ்சம் இருக்கும். அந்த இடத்தில் அளந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மருந்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் பகுத்து, ஆயிரம் குழல்களின் கணக்கையும் யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிட வேண்டும். பிறகு கொல்லரிடம் போகலாம்.